'மோர் பெட்டர்' எப்போது தப்பானது? – ஆங்கில ஒப்பீட்டுச் சொற்களின் கதை

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்த யாருக்கும் 'டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்' மறந்திருக்காது. 'டால், டாலர், டாலஸ்ட்', 'குட், பெட்டர், பெஸ்ட்' என்று வகுப்பே சேர்ந்து கத்திச் சொன்ன பாடம் அது. அதே பாடத்தில் ஓர் எச்சரிக்கையும் வரும். 'பெட்டர்' என்றாலே ஒப்பீடு வந்துவிட்டது, அதற்கு முன்னால் 'மோர்' போடக்கூடாது. யாராவது 'மோர் பெட்டர்' என்று எழுதிவிட்டால் சிவப்பு மையில் ஒரு வட்டம் விழும், மார்க் குறையும். வாய்விட்டுச் சொல்லிவிட்டால் வகுப்பில் சிரிப்பு வேறு!

ஆனால் ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பஸ்ட்' நாடகத்தில் ப்ராஸ்பெரோ தன் மகள் மிராண்டாவிடம் பேசும்போது இதே 'மோர் பெட்டர்' வருகிறது. அது மட்டுமல்ல. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் புரூட்டஸின் கத்திக்குத்தைப் பற்றிப் பேசும் ஆண்டனி, 'எஸ்ட்' விகுதி ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சொல்லுக்கு முன்னால் 'மோஸ்ட்' என்பதையும் சேர்த்துக்கொள்கிறான். 1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், அப்போஸ்தலருடைய நடபடிகள் 26-ம் அதிகாரத்தில் பவுல் தான் முன்பு சார்ந்திருந்த சமயப் பிரிவைக் குறிப்பிடும் இடத்திலும் 'மோஸ்ட்'டும் 'எஸ்ட்'டும் ஒன்றாகவே நிற்கின்றன.

ஷேக்ஸ்பியருக்கு ஆங்கிலம் தெரியாதா? பைபிளை மொழிபெயர்த்த அறிஞர்களுக்கு இலக்கணம் தெரியாதா? இரண்டும் இல்லை. அவர்கள் காலத்தில் அது தவறே இல்லை. அது தவறாக ஆக்கப்பட்டது பிறகுதான். யார் ஆக்கினார்கள், ஏன் ஆக்கினார்கள் என்பதுதான் இந்தக் கதை.

மூன்று படிகள் எங்கிருந்து வந்தன?

முதலில் இந்த 'பாசிட்டிவ், கம்பேரட்டிவ், சூப்பர்லேட்டிவ்' என்ற பெயர்களைப் பார்க்க வேண்டும். இவை ஆங்கிலேயர் கண்டுபிடித்தவை அல்ல. லத்தீன் இலக்கணத்திலிருந்து வந்தவை. கி.பி. 4-ம் நூற்றாண்டில் ரோம் நகரில் வாழ்ந்த டொனாட்டஸ் என்ற ஆசிரியர் எழுதிய சின்னஞ்சிறு லத்தீன் இலக்கண நூல், ஐரோப்பா முழுவதும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பாடப்புத்தகமாக இருந்தது. ஒப்பீட்டில் மூன்று படிகள் உண்டு என்று பாடம் தொடங்குவது அதில் இருப்பதுதான்.

இங்கிலாந்தில் 'கிராமர் ஸ்கூல்' என்றால் அந்தக் காலத்தில் லத்தீன் இலக்கணம் கற்பிக்கும் பள்ளி என்று பொருள். 1540-களில் மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆணைப்படி வில்லியம் லில்லியின் பெயரால் வழங்கிய லத்தீன் இலக்கணமே எல்லாப் பள்ளிகளுக்கும் பாடநூலானது. ஆங்கிலத்துக்கென்று முதல் இலக்கண நூலை வில்லியம் புல்லோகர் 1586-ல் அச்சிட்டார். அவரும் லில்லியின் அச்சிலேயே ஆங்கிலத்தை வார்த்தார். ஆக, ஆங்கிலத்துக்குச் சட்டை தைத்தபோது அளவு எடுத்தது லத்தீன் உடம்பில்! இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

பழைய ஆங்கிலத்தில் எப்படி?

பெயர்கள் இரவல் என்றாலும் சொற்கள் சொந்தம். 5-ம் நூற்றாண்டில் ஆங்கிலர், சாக்சன் முதலிய ஜெர்மானியக் குழுக்கள் பிரிட்டனில் குடியேறியபோது கொண்டு வந்த மொழியே பழைய ஆங்கிலம். அதில் ஒப்பீட்டுக்கு 'ரா' என்ற விகுதி, உச்சத்துக்கு 'ஒஸ்ட்' அல்லது 'எஸ்ட்' என்ற விகுதி. இன்றைய 'அர்', 'எஸ்ட்' இரண்டும் இவற்றின் வாரிசுகள்தான்.

சில சொற்களில் விகுதி சேரும்போது உள்ளே இருக்கும் உயிரொலியும் மாறும். 'ஆல்ட்' என்றால் முதிய, 'எல்ட்ரா' என்றால் அதைவிட முதிய. 'லாங்' என்றால் நீளமான, 'லெங்ரா' என்றால் அதைவிட நீளமான. 'ஸ்ட்ராங்' என்றால் வலிமையான, 'ஸ்ட்ரெங்ரா' என்றால் அதைவிட வலிமையான. இதற்குக் காரணம் உண்டு. இன்னும் பழைய காலத்தில் இந்தச் சொற்களின் விகுதியில் ஓர் 'இ' ஒலி இருந்தது. வாய் அடுத்து வரப்போகும் 'இ'க்குத் தயாராகும்போது முன்னால் இருந்த உயிரொலியும் அதன் பக்கம் இழுபட்டது. பிறகு அந்த 'இ' மறைந்து போனது. இழுபட்ட உயிரொலி மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

ஜெர்மன் மொழியில் இது இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே 'ஆல்ட்' என்பதன் ஒப்பீடு 'எல்டர்', 'லாங்' என்பதன் ஒப்பீடு 'லெங்கர்'. ஆங்கிலத்திலோ மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டார்கள். அடிச்சொல்லை மாற்றாமல் 'அர்' மட்டும் சேர்த்தால் போதும் என்று 'லாங்கர்', 'ஸ்ட்ராங்கர்', 'ஓல்டர்' என்றார்கள். தப்பிப் பிழைத்தது 'எல்டர்', 'எல்டஸ்ட்' ஜோடி மட்டுமே. அண்ணன், அக்கா என்று குடும்பத்துக்குள் வயது சொல்லும் இடத்தில் மட்டும் அது ஒதுங்கி வாழ்கிறது.

அடுத்து, எல்லா மாணவர்களையும் குழப்பும் 'குட், பெட்டர், பெஸ்ட்'. 'குட்டர்' என்று ஏன் வரவில்லை? 'குட்' என்பதும் 'பெட்டர்' என்பதும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை. 'பெட்டர்' சொல்லுக்குச் சொந்தமான முதல் படி எழுத்து வடிவில் கிடைக்கும் காலத்துக்கு முன்பே காணாமல் போய்விட்டது. அந்தக் காலி இடத்தில் 'குட்' வந்து உட்கார்ந்தது. ஜெர்மன் மொழியிலும் 'கூட், பெஸ்ஸர், பெஸ்ட்' என்றே வருவதால், இந்தக் கூட்டுக்குடித்தனம் ஆங்கிலம் தனி மொழியாவதற்கு முன்பே தொடங்கியது என்று தெரிகிறது.

'பேட், வர்ஸ், வர்ஸ்ட்' கதை இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் 'வர்ஸ்' என்பது 'ஈவில்' என்ற சொல்லின் ஒப்பீடு. 'பேட்' பிற்பாடு வந்த சொல். வந்து கொஞ்சம் கொஞ்சமாக 'ஈவில்' இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் ஒப்பீட்டு வடிவங்களையும் தனதாக்கிக்கொண்டது. அதற்கு முன் 'பேடர்', 'பேடஸ்ட்' என்ற வடிவங்களும் பல நூற்றாண்டுகள் புழக்கத்தில் இருந்தன என்றால் நம்புவது கஷ்டம்!

'மோர்' நுழைந்த கதை

'மோர்', 'மோஸ்ட்' இரண்டும் அடிப்படையில் ஒப்பீட்டு வடிவங்களே. பழைய ஆங்கிலத்தில் 'மிச்சல்' என்றால் பெரிய. அதன் ஒப்பீடு 'மாரா', உச்சம் 'மேஸ்ட்'. இந்த 'மாரா'தான் தேய்ந்து 'மோர்' ஆனது. ஆரம்பத்தில் அதன் பொருள் 'அதிகமாக' என்பதைவிட 'பெரியது' என்பதற்கே நெருக்கம்.

1066-ல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினான். அரசவையில், நீதிமன்றத்தில், பெரிய வீடுகளில் பிரெஞ்சு பேசப்பட்டது. ஆங்கிலம் வயலிலும் சந்தையிலும் பேசும் மொழியாக இருந்தது. அந்தக் காலத்தில் ஆங்கிலத்தின் பழைய விகுதிகள் பல தேய்ந்தன. பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தன.

13-ம் நூற்றாண்டு வாக்கில் ஒரு புது வழக்கம் தெரிய ஆரம்பிக்கிறது. பெயரடைக்குப் பின்னால் விகுதி சேர்க்காமல், முன்னால் 'மோர்', 'மோஸ்ட்' என்ற தனிச்சொல்லைப் போடும் வழக்கம் அது. பிரெஞ்சில் 'ப்ளூ' என்ற சொல்லைப் பெயரடைக்கு முன்னால் போடுவார்கள். அதைப் பார்த்து ஆங்கிலம் கற்றுக்கொண்டது என்பது ஒரு கருத்து. லத்தீன் படித்தவர்களின் எழுத்து வழியாக வந்தது என்பது இன்னொரு கருத்து. விகுதிகள் தேய்ந்த மொழி தானாகவே தனிச்சொற்களைத் தேடிப் போகும் என்று சொல்பவர்களும் உண்டு. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கலாம்.

எப்படி வந்தாலும், ஆங்கிலத்துக்கு இப்போது ஒரே வேலைக்கு இரண்டு கருவிகள். பின்னால் விகுதி, முன்னால் தனிச்சொல். எந்தச் சொல்லுக்கு எது என்று வேலி இல்லை. இன்று 'பியூட்டிஃபுல்' போன்ற நீண்ட சொல்லுக்கு 'மோர்' என்றும் 'டால்' போன்ற குட்டிச் சொல்லுக்கு 'அர்' என்றும் பிரிக்கிறார்கள் அல்லவா? அந்தப் பிரிவினை அப்போது இல்லை. குட்டிச் சொற்களுக்கும் 'மோர்' போட்டார்கள், நீண்ட சொற்களுக்கும் 'எஸ்ட்' சேர்த்தார்கள்.

இரண்டு கருவிகள் கையில் இருக்கும்போது அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டையுமே எடுப்பது இயல்புதானே? அப்படிப் பிறந்ததுதான் 'இரட்டை ஒப்பீடு'. கோபம், வியப்பு, பக்தி, துக்கம் என்று உணர்ச்சி பொங்கும் இடங்களில் அது வந்தது. சீசரின் உடலுக்குப் பக்கத்தில் நின்று பேசும் ஆண்டனிக்கு ஒற்றை 'எஸ்ட்' போதவில்லை. அவ்வளவுதான்.

பென் ஜான்சனின் வக்காலத்து

ஷேக்ஸ்பியரின் நண்பரும் போட்டியாளருமான பென் ஜான்சன் பெரிய படிப்பாளி. கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடித்தவர். அவர் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதி வைத்திருந்தார். 1623-ல் அவருடைய வீட்டில் பிடித்த தீயில் அது எரிந்து போனது. மறுபடியும் எழுதினார். 1637-ல் அவர் இறந்தார், 1640-ல் அந்த நூல் அச்சானது.

அதில் இரட்டை ஒப்பீட்டைப் பற்றி அவர் என்ன சொன்னார் தெரியுமா? தப்பு என்று சொல்லவில்லை. அது ஓர் அழகு என்றார்! பழங்காலக் கிரேக்க மேதைகள் அழுத்தத்துக்காக இப்படித்தான் பேசினார்கள், ஆங்கிலேயர்களும் அதே நயத்தோடு பேசுகிறார்கள் என்று விளக்கினார். ஏதென்ஸ் நகரம் இருந்த ஆட்டிகா பகுதியின் கிரேக்கம்தான் கிரேக்கத்திலேயே உயர்ந்தது என்று மதிக்கப்பட்டது. இரட்டை ஒப்பீட்டை 'ஆங்கிலேயரின் ஆட்டிக் நடை' என்ற பொருளில் அவர் பெருமைப்படுத்தினார். வேடிக்கை என்னவென்றால், அந்த விளக்கத்தில் கிரேக்கர்களைக் குறிக்கும்போது 'பழைய' என்ற சொல்லுக்கு அவரே இரட்டை உச்சம் போட்டிருக்கிறார்.

ஆக, 1640-ல் அச்சான ஓர் இலக்கண நூலில் இரட்டை ஒப்பீடு நயமான நடை. சுமார் 120 ஆண்டுகளில் அதே விஷயம் படிக்காதவனின் அடையாளம். நடுவில் என்ன நடந்தது?

காற்று திரும்புகிறது

1660-ல் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பி மன்னரானார். உள்நாட்டுப் போரும் குழப்பமும் முடிந்தன. எதிலும் ஒழுங்கு, அளவு, நாகரிகம் வேண்டும் என்ற ரசனை வந்தது. பிரான்சில் 1635-லேயே மொழிக்கு ஒரு அகாடமி வைத்துவிட்டார்கள். இங்கிலாந்திலும் அப்படி ஒன்று வேண்டும் என்று பேசியவர்களில் கவிஞர் ஜான் டிரைடன் முக்கியமானவர்.

1672-ல் டிரைடன் ஒரு கட்டுரையில் முந்தைய தலைமுறை நாடக ஆசிரியர்களின் மொழியைக் குறை சொன்னார். அதில் அவர் இரட்டை ஒப்பீட்டுக்கு உதாரணமாக எடுத்தது யாருடைய வரியை? பென் ஜான்சனுடைய வரியை! அந்த முறை கரடுமுரடானது, ஆனால் அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள் என்பதால் ஜான்சனை மன்னிக்கலாம் என்று தீர்ப்பும் சொன்னார். 'நயம்' என்று வக்காலத்து வாங்கியவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார்.

ஆனால் டிரைடனின் சொந்தக் கையும் அவ்வளவு சுத்தம் இல்லை. 1660-ல் மன்னர் திரும்பியதைக் கொண்டாடி அவர் எழுதிய 'அஸ்ட்ரேயா ரெடக்ஸ்' என்ற கவிதையின் தொடக்கத்திலேயே 'வர்ஸர்' என்ற சொல் வருகிறது. 'வர்ஸ்' ஏற்கெனவே ஒப்பீடு. அதன் மேல் இன்னொரு 'அர்'. இரட்டை ஒப்பீடுதான்!

அடுத்த நூற்றாண்டில் வேகம் கூடியது. 1725-ல் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் பதிப்பித்த கவிஞர் அலெக்ஸாண்டர் போப், தன் காலத்து ரசனைக்கு ஒத்துவராத இடங்களைத் திருத்தியே அச்சிட்டார். ஆண்டனியின் அந்த 'மோஸ்ட்'டும் அதில் காணாமல் போனது. இறந்து 100 ஆண்டுக்கு மேலான பிறகு ஷேக்ஸ்பியருக்கே சிவப்பு மை!

1755-ல் சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற அகராதி வந்தது. இவர் பென் ஜான்சனுக்கு உறவில்லாதவர், லிச்ஃபீல்டு ஊர்ப் புத்தகக் கடைக்காரரின் மகன். அவர் 'லெஸ்ஸர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். 'லெஸ்' என்பதே ஒப்பீடு, ஒப்பீடு என்றால் 'அர்' என்று முடியவேண்டும் என்ற பழக்கத்தால் பாமரர்கள் அதைக் கெடுத்து 'லெஸ்ஸர்' ஆக்கினார்கள், பிறகு கவிஞர்களும் உரைநடைக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதினார். அவர் பயன்படுத்திய வார்த்தைகளில் காட்டுமிராண்டித்தனம், பாமரத்தனம் இரண்டும் இருந்தன.

1762-ல் ராபர்ட் லௌத் தன் சிறிய ஆங்கில இலக்கணத்தை வெளியிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவர், பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர். அந்த நூலின் அடிக்குறிப்புகள் புகழ்பெற்றவை. ஷேக்ஸ்பியர், மில்டன், டிரைடன், பைபிள் என்று யாரையும் விடாமல் 'பிழை'களை எடுத்துக் காட்டியிருப்பார். இரட்டை ஒப்பீடு முறையற்றது என்று அவர் எழுதினார்.

ஆனால் அதே லௌத் இரண்டு இடங்களில் சறுக்குகிறார். பழைய சங்கீத மொழிபெயர்ப்பில் கடவுளைக் குறித்து வரும் இரட்டை உச்சத்தை மட்டும் அவர் ஏற்றுக்கொள்கிறார். உயர்ந்தவற்றுக்கெல்லாம் உயர்ந்தவருக்கு அது பொருந்தும் என்பது அவர் வாதம். அப்படியென்றால் இரட்டை உச்சத்துக்கு ஒரு பொருள் இருக்கிறது என்று ஆகிறதே! இரண்டாவது, 'லெஸ்ஸர்', 'வர்ஸர்' இரண்டும் ஒரே மாதிரிப் பிழை, 'வர்ஸர்' காதுக்கு அதிகக் கொடுமையாகக் கேட்பது அது அடிக்கடி பயன்படாததால் மட்டுமே என்கிறார். பழக்கம்தான் தீர்மானிக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி!

1795-ல் லிண்ட்லி மர்ரே வந்தார். அமெரிக்காவில் வழக்கறிஞராகவும் வியாபாரியாகவும் இருந்துவிட்டு இங்கிலாந்தின் யார்க் நகருக்குப் பக்கத்தில் குடியேறியவர். அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்காக எழுதிய அவருடைய இலக்கணம், லௌத் போன்றவர்களின் விதிகளைப் பள்ளிப் பாடமாக்கியது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பதிப்புக்கு மேல் பதிப்பாகப் பல லட்சம் பிரதிகள் விற்றது. விவாதமாக இருந்தது விதியாகிவிட்டது.

ஏன் இப்படி?

சொல்லப்பட்ட காரணம் தர்க்கம். ஒரு தடவை ஒப்பிட்டால் போதும், இரண்டு தடவை எதற்கு என்பது. கணக்கில் ஒரே செலவை இரண்டு முறை எழுதக்கூடாது என்பது போலத்தான். லத்தீனில் ஒரு படிக்கு ஒரு வடிவம் என்று இருந்ததும் முன்மாதிரியாக நின்றது.

சொல்லப்படாத காரணமும் உண்டு. 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வியாபாரமும் தொழிலும் பெருகின. புதிதாகப் பணம் சேர்த்த நடுத்தரக் குடும்பங்கள் சமூகத்தில் மேலே ஏற விரும்பின. உடை வாங்கிவிடலாம், வண்டி வாங்கிவிடலாம், பேச்சை எப்படி வாங்குவது? அதற்குப் புத்தகம் தேவைப்பட்டது. இலக்கண நூல்கள் இந்த நூற்றாண்டின் பிற்பாதியில் வரிசையாக வந்தது தற்செயல் இல்லை. எது சரி என்று சொல்லித் தருவது, யார் நம்மவர், யார் வெளியாள் என்று காட்டும் வழியும் ஆனது.

இதில் அடிபட்டவர்கள் யார்? புத்தகம் வாங்க முடியாதவர்கள். இங்கிலாந்தின் கிராமங்களில் உழைத்தவர்கள் இரட்டை ஒப்பீட்டைத் தொடர்ந்து பேசினார்கள். கடல் தாண்டிப் போனவர்களின் பேச்சோடு அது அமெரிக்காவுக்கும் போனது. அப்பலாச்சியன் மலைப்பகுதிகளின் பேச்சிலும் கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சிலும் அது இன்றும் உண்டு. இவர்கள் யாரும் ஆங்கிலத்தைக் கெடுக்கவில்லை. பென் ஜான்சன் 'நயம்' என்று சொன்னதை விடாமல் வைத்திருந்தார்கள். தலைநகரத்தின் ரசனை நகர்ந்தது, அவர்கள் நகரவில்லை. ஆனால் 'படிக்காதவர்கள்' என்ற பெயர் அவர்களுக்குத்தான் கிடைத்தது.

பிடிபடாத இரட்டைகள்

இரட்டை ஒப்பீட்டை விரட்டிய அதே மொழிக்குள் எத்தனை இரட்டைகள் மாறுவேடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள்.

'நியர்' என்றால் அருகில். அது ஒரு காலத்தில் ஒப்பீட்டு வடிவம்! 'நை' என்பதுதான் முதல் படி, 'நியர்' இரண்டாம் படி, 'நெக்ஸ்ட்' மூன்றாம் படி. 'நியர்' ஒப்பீடு என்பதே மக்களுக்கு மறந்து போனது. அதை முதல் படியாக எடுத்துக்கொண்டு 'நியரர்', 'நியரஸ்ட்' என்று மறுபடியும் விகுதி சேர்த்தார்கள். இன்று எந்த ஆசிரியரும் 'நியரர்' என்ற சொல்லை வட்டமிடுவதில்லை. பிறப்பைப் பார்த்தால் அது சுத்தமான இரட்டை ஒப்பீடு.

'ஃபோர்மோஸ்ட்' என்றால் முதன்மையான. பழைய ஆங்கிலத்தில் 'ஃபோர்மா' என்றாலே 'முதலாவது' என்ற உச்ச வடிவம். அது போதாது என்று அதற்கு மேல் 'எஸ்ட்' சேர்த்து 'ஃபோர்மெஸ்ட்' என்றார்கள். பிறகு கடைசிப் பகுதி 'மோஸ்ட்' என்ற சொல்தான் என்று தவறாக நினைத்து எழுத்தையும் மாற்றினார்கள். மேடைப் பேச்சிலும் அலுவலகக் கடிதத்திலும் கம்பீரமாக வரும் இந்தச் சொல், உச்சத்தின் மேல் உச்சம் வைத்த சொல்.

அப்புறம் 'லெஸ்ஸர்'. சாமுவேல் ஜான்சன் அவ்வளவு திட்டியும் அது தோற்கவில்லை. பறவை, விலங்கு, செடிகளின் பெயர்களில்கூடச் சின்ன வகையைக் குறிக்க அது நிற்கிறது. அதன் உடன்பிறப்பான 'வர்ஸர்' மட்டும் ஒழிந்து போனது. இரண்டும் ஒரே குற்றம்தான், ஒன்றுக்கு விடுதலை, மற்றதற்குத் தண்டனை!

இன்றைய விதியும் அவ்வளவு கறார் இல்லை

ஓரசைச் சொல்லுக்கு 'அர்', மூன்று அசைக்கு மேல் 'மோர்' என்ற இன்றைய விதி பெரும்பாலும் சரிதான். ஆனால் இரண்டு அசைச் சொற்களில் தடுமாற்றம் உண்டு. 'ஹேப்பி' போல 'இ' ஒலியில் முடிபவை பெரும்பாலும் 'ஹேப்பியர்' என்று ஆகின்றன. 'காமன்', 'பொலைட்' போன்றவற்றுக்கு இரண்டு வடிவங்களும் உண்டு. மூன்று அசையுள்ள 'அன்ஹேப்பி' என்பதற்கு 'அன்ஹேப்பியர்' சரி. ஓரசையுள்ள 'ரைட்', 'ராங்' போன்றவற்றுக்கோ 'மோர்' போட்டால்தான் காதுக்கு ஒத்துவருகிறது.

அகராதி எழுதிய ஜான்சனே இந்த விஷயத்தில் நேர்மையாக இருந்தார். எந்தச் சொல்லுக்கு எந்த வடிவம் என்பது உச்சரிக்கும் வசதியையும் காதின் இனிமையையும் பொறுத்தது, விதிக்குள் அடக்குவது சுலபம் இல்லை என்று எழுதினார். மில்டன் 1667-ல் வெளியிட்ட 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில் 'வர்ச்சுவஸ்' என்ற நீண்ட சொல்லுக்கே 'எஸ்ட்' சேர்த்திருக்கிறார். ஆனால் 1865-ல் லூயிஸ் கரோல் எழுதிய கதையில் ஆலிஸ் 'க்யூரியஸ்' என்ற சொல்லோடு 'அர்' சேர்த்துச் சொன்னபோது, ஆச்சரியத்தில் அவள் நல்ல ஆங்கிலத்தையே மறந்துவிட்டாள் என்று கதாசிரியர் கேலி செய்கிறார். மில்டனுக்குக் காவியம், ஆலிஸுக்குக் கேலி. இரண்டுக்கும் நடுவில் 200 ஆண்டு இலக்கணப் புத்தகங்கள்.

'பெர்ஃபெக்ட்' என்றால் முழுமை, முழுமைக்கு மேல் முழுமை ஏது என்பதால் அதற்கு ஒப்பீடு கிடையாது என்பது இன்னொரு பிரபல விதி. ஆனால் 1787-ல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தின் முகவுரையிலேயே, அமைக்கப்போகும் ஒன்றியத்துக்கு 'மோர் பெர்ஃபெக்ட்' என்ற அடைமொழிதான் இருக்கிறது. சாசனத்தை யாரும் வட்டமிடவில்லை.

தமிழ் மாணவரும் சிவப்பு மையும்

இந்தியாவுக்கு இந்த விதிகள் ஆங்கிலக் கல்வியோடு கப்பலேறி வந்தன. 1930-களில் வெளிவந்து இன்றுவரை விற்கும் 'ரென் அண்ட் மார்ட்டின்' இலக்கணம் அதற்கு நல்ல உதாரணம். எழுதிய இருவரில் ஒருவரான பி. சி. ரென், இந்தியாவில் கல்வித்துறையில் வேலை பார்த்தவர், 'போ ஜெஸ்ட்' நாவலின் ஆசிரியரும் அவரே. ஒரே கருத்தை மூன்று படிகளிலும் மாற்றி எழுதும் பயிற்சி இன்றும் பள்ளித் தேர்வுகளில் மார்க் வாங்கித் தரும் கேள்வி.

தமிழில் பெயரடை ஒப்பீட்டுக்காக வடிவம் மாறுவதே இல்லை. 'ராமு உயரம்', 'ராமுவைவிட சோமு உயரம்', 'எல்லோரையும்விட பாபு உயரம்'. 'உயரம்' அப்படியே இருக்கிறது, மாறுவது பக்கத்தில் இருக்கும் சொல். தொல்காப்பியமும் நன்னூலும்கூட இந்த ஒப்பீட்டுப் பொருளை வேற்றுமையில்தான், ஐந்தாம் வேற்றுமையில், சொல்கின்றன. அழுத்தம் வேண்டுமென்றால் 'அதைவிட இன்னும் நல்லது' என்று 'இன்னும்' சேர்த்தால் போதும். இப்படிப் பேசிப் பழகிய ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் 'இன்னும் நல்லது' என்று நினைத்துக்கொண்டு 'மோர் பெட்டர்' என்று சொன்னால், அது முட்டாள்தனம் இல்லை. அழுத்திச் சொல்ல ஆசைப்பட்ட ஒரு மனம், கையில் கிடைத்த இரண்டு கருவிகளையும் எடுத்திருக்கிறது. 400 ஆண்டுகளுக்கு முன் லண்டன் நாடக மேடையில் நடந்ததும் அதுதான்.

இதற்காகத் தேர்வில் 'மோர் பெட்டர்' என்று எழுதலாம் என்று அர்த்தம் இல்லை. இன்றைய எழுத்து ஆங்கிலத்தில் அது தவறுதான். வேலைக்கான விண்ணப்பத்தில் எழுதினால் நஷ்டம் எழுதியவருக்குத்தான். விதியைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த விதியின் வயதையும் தெரிந்துகொள்வது நல்லது. அது மொழியோடு பிறந்தது இல்லை. 1672-லிருந்து 1795 வரை சில பேர் சேர்ந்து, தங்கள் காலத்து ரசனைக்கும் கௌரவத்துக்கும் ஏற்ப எடுத்த முடிவு.

சிவப்பு மையில் வட்டம் போடலாம், அது பாடம். ஆனால் வகுப்பே சேர்ந்து சிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. சிரிப்பதென்றால் ஷேக்ஸ்பியரையும் பென் ஜான்சனையும் பார்த்தும் சிரிக்க வேண்டியிருக்கும்!